வேகாத மண், வெந்த நத்தை

கனாக்கிஸ் வீட்டு வெளிக்கதவை அதூசா தட்டவில்லை. காலால் ஒரு உதை விட்டாள்.

"அண்ணே! வீட்டுல இருக்கீங்களா, இல்ல போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

கனாக்கிஸ் முற்றத்தில் உட்கார்ந்து பச்சை ஆலிவ் காய்களைக் கூழாங்கல்லால் ஒவ்வொன்றாகத் தட்டி, விரிசல் விட்டதும் தண்ணீர்ப் பானையில் போட்டுக்கொண்டிருந்தார். கிரீட் தீவின் இராக்லியோன் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அடுத்தவன் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அவன் வாயைத் திறக்க விட வேண்டும், பாதிப் பெட்டி அங்கேயே திறந்துவிடும் என்பது அவருடைய கட்சி. அதூசாவின் மகனுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். அந்த உரிமையில்தான் இந்த உதையும்.

"இருக்கேன். உக்காரு."

"உக்காரவா மலையிலேர்ந்து பஸ் ஏறி வந்தேன்? நேத்து ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு சனமெல்லாம் வெளிய வர்ற நேரமாப் பார்த்து, ஊர்ச் சதுக்கத்துல நிக்க வச்சு எம் புருஷன் கையில விலங்கு மாட்டினானுங்க. திருடனாம்! சிஃபிஸ் திருடனாம்! நாளைக்கு இராக்லியோன் ஜெயிலுக்குக் கொண்டு போறாங்களாம். நீங்க இங்க காய் நசுக்கிட்டு இருக்கீங்க!"

"எதைத் திருடினான்னு சொல்றாங்க?"

"அந்தப் பாழாப்போன பலகையை!"

எந்தப் பலகை என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஸ்கினாரி அரண்மனையில் கிடைத்த மண்பலகையின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருந்தது. மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்து அரண்மனை. தலைமுறை தலைமுறையாகத் தோண்டுகிறார்கள், ஒரு எழவும் புரிந்தபாடில்லை. ஆண்ட அரசன் யார் என்று தெரியாது, அவன் பெயர் தெரியாது, கோட்டைச் சுவர் ஏன் இல்லை என்று தெரியாது. அவர்கள் கிறுக்கி வைத்த எழுத்தை இன்றுவரை ஒருத்தராலும் வாசிக்க முடியவில்லை. மேற்குப் பக்கத்தில் படியிறங்கிப் போகிற பள்ள அறை ஒன்று இருக்கிறது. அங்கே குளித்தார்களா கும்பிட்டார்களா என்பதற்கே படித்தவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பள்ள அறையில்தான், கூலியாட்கள் சாப்பிடப் போன நேரத்தில், ஏதென்ஸிலிருந்து வந்த பேராசிரியர் வெர்கோத்திஸ் தன் கையாலேயே அந்தப் பலகையை எடுத்தார். இதுவரை கிடைத்ததிலேயே நீளமான எழுத்து. அதில் அரசன் பெயர் இருக்கிறது, அந்த அறை கோயில்தான் என்றும் எழுதியிருக்கிறது, என்னால் வாசிக்க முடியும் என்று அறிவித்துவிட்டார். அசல் பலகையைச் சோதித்துப் பார்க்க ஏதென்ஸிலிருந்து மூன்று நிபுணர்கள் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை இரவு பலகை போய்விட்டது.

"சிஃபிஸ் என்ன சொல்றான்?"

"சனிக்கிழமை சாயங்காலம் முதல் மழை பெஞ்சுதா? ஊரே விளக்கும் வாளியுமா நத்தை பொறுக்க மலைக்கு ஏறிடுச்சு. இவர் மட்டும், தோண்டி எடுத்ததை வைக்கிற கிடங்குக்குக் காவலா இருந்தாரு. அந்தப் புரொபசர் தானா வந்து, 'நீயும் போய்ப் பொறுக்கிட்டு வாப்பா, சாவியைக் குடு, நான் உக்காந்திருக்கேன்'னு சொல்லியிருக்கான். இந்த மனுஷனும் பல்லை இளிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. திரும்பி வந்து சாவியை வாங்கிக்கிட்டு வாசல்லயே படுத்துட்டாரு. காலையில பெட்டி காலி. புரொபசர் சொல்றான், 'நான் கிடங்குப் பக்கமே வரலை'ன்னு. அவன் சொல்லா, எம் புருஷன் சொல்லா? தராசு எந்தப் பக்கம் சாயும்னு உங்களுக்குத் தெரியாதா?"

கனாக்கிஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தராசைப் பார்க்கலாம் வா" என்றார்.

முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனார்கள். அடுப்படி மூலையில் பெரிய ஓலைக்கூடை ஒன்று, மேலே துணி, துணிமேல் கல். கனாக்கிஸ் கல்லை நகர்த்தியதும் அவர் கையில் ஒரு அடி விழுந்தது.

"மூடுங்க! எல்லாம் ஊர்ந்து வெளிய வந்துடும். சனிக்கிழமை பொறுக்கினதுண்ணே. கண்ட தழையைத் தின்னுட்டு வந்திருக்கும். தவிட்டைப் போட்டு வச்சிருக்கேன், வயிறு சுத்தமாக இன்னும் ஒரு வாரமாவது ஆகும்." சொல்லிக்கொண்டே கல்லைத் தூக்கித் துணிமேல் திரும்ப வைத்தாள். வைத்த வேகத்தில் கோபம் வந்தது. "ஆகி என்ன? யாரு தின்னப்போறா?"

அலமாரியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. கனாக்கிஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிறமில்லாத நகப்பூச்சு.

"இது உனக்கா?"

"எனக்கா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு புருஷனுக்கு ஆசை வந்திருக்குன்னு நானும் நெனச்சேன். கையை நீட்டிக்கிட்டு உக்காந்தேன். 'அடியே, இது ஓட்டாஞ்சில்லுக்கு'ன்னாரு! தோண்டி எடுக்கிற ஒவ்வொண்ணுலயும் பின்னாடி இதைப் பட்டையாத் தடவி, காஞ்சதும் மையால நம்பர் எழுதி, மேல இன்னொரு தடவை பூசணுமாம். அப்பதான் அழியாதாம். அந்தப் பலகைக்கும் இவர்தான் பூசினாரு. எனக்குத்தான் கொடுத்து வைக்கலை."

கனாக்கிஸ் சிரித்தார். அவளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. வீடு பற்றி எரிகிறது, இவருக்குச் சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது.

அரண்மனை ஊருக்கு மேலே இருந்தது. கிழக்குப் பகுதி வழியாக நுழைந்தார்கள். அங்கே சுவரெல்லாம் கருகிச் செங்கல் போலச் சிவந்திருந்தது. அதூசா பேராசிரியரின் குரலை மூக்கால் பேசிக் காட்டினாள். "'அன்பர்களே, இந்த மக்கள் பலகையைச் சூளையில சுடலை, வெயில்ல காய வச்சாங்க. அரண்மனையை அழிச்ச தீயே பலகையைச் சுட்டுக் காப்பாத்திடுச்சு. தீ படாததெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு.' வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் இதே ஒப்பாரி. கேட்டுக் கேட்டு எங்க வீட்டுக் கழுதைக்கே மனப்பாடம்."

"நல்லாத்தான் சொல்லியிருக்கான்" என்றார் கனாக்கிஸ்.

மேற்கே பள்ள அறைக்குப் போனதும் அவர் நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், பால் போல. அடியில் சனிக்கிழமை மழையின் தண்ணீர் கணுக்கால் ஆழத்துக்குத் தேங்கியிருந்தது. ஒரு தவளை இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே குதித்தது.

"ஒவ்வொரு மழைக்காலத்துலயும் இப்படித்தானா?"

"மார்ச் வரைக்கும் குளம்தான். ஏண்ணே, தவளையைக் கைது பண்ணப் போறீங்களா?"

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தமான ஆள். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் எப்படித்தான் நடத்தினாளோ என்று அதூசா நினைத்துக்கொண்டாள்.

தோண்டுகிறவர்கள் தங்கும் வீட்டில் பேராசிரியரும் போலீஸ் அதிகாரி ஸ்பிலியோஸும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பிலியோஸ் கனாக்கிஸுக்கு எழுந்து கைகொடுத்தான். அதூசாவைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டான்.

"அந்தம்மா வெளிய நிக்கட்டும்."

"எம் புருஷன் விஷயத்தை நான் கேக்கக் கூடாதா? இது என்ன உங்க மாமியார் வீடா?"

வாசற்படியில் நிற்கிறேன் என்று சொல்லி நின்றாள். பேராசிரியர் வெர்கோத்திஸ் வெளுத்த தாடியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக, வகுப்பெடுக்கிற குரலில் பேசினார்.

"சிஃபிஸ் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லைங்க. வறுமை யாரையும் என்னவும் செய்ய வைக்கும். அன்னைக்கு ராத்திரி நான் இந்த மேஜையில எழுதிக்கிட்டு இருந்தேன். நனைஞ்ச கோட்டோட, ஒரு வாளி நத்தையோட அவன் வந்தான். 'இப்பதான் பொறுக்கினது, புரொபசர், சூடாச் சாப்பிடுங்க'ன்னு சொல்லி, இந்த அடுப்புலயே உப்பு போட்டு வறுத்து, வினிகர் ஊத்தி, ரோஸ்மேரி தழையைப் போட்டுக் குடுத்தான். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல கண்ணைச் சுத்திக்கிட்டு வந்தது. நான் தூங்கற நேரத்துல பலகையை எடுக்கறதுக்காக ஏதோ மயக்க மருந்து கலந்திருக்கான்."

மயக்க மருந்து! அதூசாவின் காதில் அந்த ஒரு சொல்தான் ஏறியது. மற்றதெல்லாம் இரைச்சல்.

"அடப்பாவி! எங்க வீட்டு ஆளு சாப்பாட்டுல மருந்து கலப்பானா? வாசலுக்கு வந்த எதிரிக்குக்கூட ராக்கிச் சாராயம் ஊத்திக் குடுக்கற ஊருடா இது! உன் நாக்கு அழுகிப்போக!"

ஸ்பிலியோஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அந்தக் கலவரத்துக்கு நடுவில் கனாக்கிஸ் பேராசிரியரிடம் குனிந்து, மருமகன் வீட்டு விருந்தைப் பற்றி விசாரிப்பவர் மாதிரி கேட்டார்.

"ருசி எப்படி?"

"ருசிக்கு என்ன குறை. அருமை."

"அன்னைக்குப் பொறுக்கினதேதானா?"

"ஓட்டுல ஈரம்கூடக் காயலை. என் கண்ணாலயே பார்த்தேனே."

"சரி" என்று கனாக்கிஸ் வெளியே வந்துவிட்டார். இதுதானா விசாரணை? அதூசா அவர் பின்னாலேயே பொருமிக்கொண்டு நடந்தாள்.

முற்றத்தில், தோண்டியெடுத்த பானை ஓடுகளைக் கழுவுகிற தொட்டிகள் சுவரோரமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் நிமிர்ந்திருந்தது. உள்ளே கலங்கல் தண்ணீர். கனாக்கிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி சேற்றை அள்ளி விரலிடையே தேய்த்தார். அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

"ஓடு கழுவின சேறுன்னா எப்படி இருக்கும்?"

"மண்ணும் மணலும் வேருமா நறநறன்னு இருக்கும். இது என்ன, சலிச்சு எடுத்த மாதிரி?"

கனாக்கிஸ் ஸ்பிலியோஸைக் கூப்பிட்டார். "தம்பி, நாளைக்கு நிபுணர்கள் வர்ற வரைக்கும் இந்தத் தொட்டிக்கு ஒரு காவல் போடு. காவல்னா புரொபசருக்கும் சேர்த்துத்தான். தப்பாப் போச்சுன்னா நான் பொறுப்பு." ஸ்பிலியோஸ் முணுமுணுத்தான். ஆனால் அவனுடைய மாமனார் ஒரு காலத்தில் கனாக்கிஸிடம் வேலை பார்த்தவர், தட்ட முடியவில்லை.

"அதூசா, நாளைக்கு வரும்போது உன் மாவுச் சல்லடையையும் நத்தைக் கூடையையும் எடுத்துட்டு வா."

"விருந்து வைக்கப்போறீங்களா?" என்று சீறினாள். ஆனால் எடுத்துக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த முற்றத்தில் நாற்காலி போட்டு மூன்று நிபுணர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் நரைத்த தலையுள்ள ஒரு அம்மாள், மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்தே தலையாட்டினார்கள். ஜெயில் வண்டி வாசலில் நின்றது. சிஃபிஸை விலங்கோடு கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார்கள். இரண்டு நாளில் பாதியாகியிருந்தான். அதூசாவை ஒரு தடவை பார்த்தான், பிறகு தலை குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அங்கிருக்கிற ஒவ்வொருத்தர் தலையிலும் அந்தக் கூடையைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. மதிலுக்கு வெளியே ஊர் முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"புரொபசர்," என்றார் கனாக்கிஸ், "ஊர்க்காரங்களும் கேக்கட்டும். சனிக்கிழமை ராத்திரி நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்களேன். சத்தமா."

பேராசிரியர் சொன்னார். வாளி, ஈரக்கோட்டு, அப்போதுதான் பொறுக்கிய நத்தை, அடுப்பு, உப்பு, வினிகர், ரோஸ்மேரி.

மதிலுக்கு வெளியே சட்டென்று பேச்சு நின்றது. பிறகு கசாப்புக்கடைக்காரன் குரல் கேட்டது. "என்னது? அன்னைக்குப் பொறுக்கினதை அன்னைக்கே தின்னியா? அப்புறம் எப்படிய்யா நிமிர்ந்து நிக்கறே?" மதில் நெடுகச் சிரிப்பு ஓடியது.

அதூசாவுக்கு நெற்றிப் பொட்டில் அடித்தாற்போல் ஆயிற்று. நேற்று இவன் சொன்னபோது வாசற்படியில் நின்று கேட்டாளே! கோபம் கண்ணை மட்டுமா மறைக்கும், காதையும் அல்லவா அடைத்துவிட்டது. கூடையை மேஜைமேல் டப்பென்று வைத்துத் துணியை உருவினாள். தவிடு ஒட்டிய நத்தைகள் கொம்பை நீட்டிக்கொண்டு வெளியே கிளம்பின.

"இதோ இருக்கு அவர் பொறுக்கினது! உயிரோட! கிரீட்டுல பொறந்த பச்சைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், நத்தையை ஒரு வாரமாவது பட்டினி போடாமச் சமைக்க மாட்டோம்னு. கசந்து குடலே வெளிய வந்துடும். அருமையா இருந்துச்சாம்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறியே, சோறாவது இருக்கணுமேடா!"

"சிஃபிஸ் வாளியோட திரும்பி வந்ததை இவர் பார்த்தது நெசம்," என்றார் கனாக்கிஸ். "ஏன்னா அப்ப இவர் கிடங்கு வாசல்ல சாவியோட உக்காந்திருந்தார். பார்த்ததை வச்சுப் பொய்யை அலங்காரம் பண்ணினார். அவர் ஊர்ல நத்தை ஓட்டல்லதான் கிடைக்கும்போல."

பேராசிரியரின் முகம் வெளுத்தது. "என் பலகையை நானே ஏன் திருடணும்? பைத்தியக்காரத்தனம்!"

"அதை இந்தம்மாகிட்டக் கேப்போம்." கனாக்கிஸ் மூத்த நிபுணரின் பக்கம் திரும்பினார். "நீங்க எதைப் பார்க்க வந்தீங்க?"

அந்த அம்மாள் பேராசிரியரைப் பார்க்காமலேயே பேசினார். "ஒரே ஒரு கேள்வியோட வந்தேன். பள்ள அறையில தீ பட்ட அடையாளமே இல்லை. சுவர் வெள்ளையா இருக்கு. வருஷா வருஷம் தண்ணி நிக்குது. சுட்ட பலகைன்னா, யார் சுட்டது? சுடாத பலகைன்னா, எப்படிக் கரையாம இருந்தது?"

"அந்தக் கேள்வி வரும்னு இவருக்குப் படம் பத்திரிகையில வந்த பிறகுதான் உறைச்சிருக்கு," என்றார் கனாக்கிஸ். "தீ பட்ட இடமெல்லாம் முன்னாடி வந்தவங்க தோண்டி முடிச்சாச்சு. இவருக்கு மிச்சம் இருந்தது மேற்குப் பக்கம்தான். தானே செஞ்ச போலிப் பலகையை அவசரத்துல அங்க கொண்டு போய் வச்சுட்டார். நீங்க கையில எடுத்துப் பார்த்தா கதை முடிஞ்சுது. பலகை காணாமப் போனா? பத்திரிகைப் படம் நிக்கும், அரசன் பேரு நிக்கும், இவர் பேரும் நிக்கும். ஜெயிலுக்குப் போறது ஒரு காவல்காரன்தானே."

"கற்பனை," என்றார் பேராசிரியர். "பலகை எங்கே? காட்டுங்க!"

"ஸ்பிலியோஸ், நீயே வா. நான் தொட்டா நான் வச்சதுன்னு சொல்லுவாங்க."

ஸ்பிலியோஸ் தொட்டியிலிருந்த சேற்றைக் குவளை குவளையாக மொண்டு அதூசாவின் சல்லடையில் ஊற்றினான். அவள் பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டாள். வெளிறிய களிமண் பால் மாதிரி இறங்கிப் போயிற்று. ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. கடைசிக் குவளையில் ஏதோ ஒன்று சல்லடையில் ஒட்டி மினுங்கியது. மீன் செதில் மாதிரி, நகத்தின் அளவு. ஸ்பிலியோஸ் விரல் நுனியில் எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தான். உள்ளே கறுப்பு மையில் எண் தெரிந்தது.

"நானூத்தி... பன்னிரண்டு" என்று வாசித்தான். குரல் இறங்கிவிட்டது. "பலகையோட நம்பர்."

"வெயில்ல காஞ்ச பச்சைமண்," என்றார் கனாக்கிஸ். "சிஃபிஸ் மலைக்குப் போனதும் மழைத்தண்ணித் தொட்டியில போட்டார். சேறு சேறோட போயிடும், யாருக்குத் தெரியும்னு நெனச்சார். விடிஞ்சதும் போலீஸ் வந்துட்டதால தொட்டியைக் கவிழ்க்க முடியலை. நகப்பூச்சு தண்ணியில கரையாதுங்கறதும் அவருக்கு ஞாபகம் வரலை."

பேராசிரியர் ஸ்பிலியோஸின் விரல் நுனியிலிருந்த செதிலையே பார்த்தார். பேசியபோது வகுப்பெடுக்கிற குரல் இல்லை.

"இருபது வருஷம். இருபது வருஷமா இந்த மண்ணைக் கிளறிட்டு இருக்கேன். யாருன்னு தெரியலை, ஏன்னு தெரியலை. ஒரு பதில், ஒரே ஒரு பதில் குடுத்துட்டுப் போகணும்னு நெனச்சது தப்பா? தெரியலைன்னு சொல்லிட்டே சாகணுமா நான்?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுய்யா!" அதூசா அவருக்கு எதிரில் போய் நின்றாள். "உன்னை யாரு குத்தம் சொன்னா? உனக்கு முன்னாடி வந்தவன் எல்லாம் தெரியலைன்னுட்டுத்தான் போனான், நாங்க மரியாதையாத்தான் வழியனுப்பி வச்சோம். உனக்குப் பதில் கெடைக்கலைங்கறதுக்காக எம் புருஷன் திருடனாகணுமா? வறுமை என்னவும் செய்ய வைக்குமாமே! எங்க வறுமை என்ன செஞ்சுது? உன் குப்பையைக் கழுவி நம்பர் போட்டுக் காவல் காத்துச்சு!" பிறகு ஸ்பிலியோஸ் பக்கம் திரும்பினாள். "நீயும் இந்த ஊருக்காரன்தானே? உங்க அம்மா உனக்கு நத்தை வறுத்துப் போட்டதே இல்லையா? கேப்பையில நெய் வடியுதுன்னு ஒருத்தன் சொன்னா உன் புத்தி எங்கடா போச்சு?"

ஸ்பிலியோஸின் காது சிவந்தது. நிபுணர்களில் இளையவர் மெல்ல இருமினார். "இதை... அமைதியா முடிச்சுக்கிட்டா நல்லது. வெளிய தெரிஞ்சா எல்லாருக்கும் கெட்ட பேரு. அவரை விட்டுடுங்க, நாங்க ஏதென்ஸ்ல பார்த்துக்கறோம்."

"ஆமாம்" என்று அவசரமாகச் சொன்னான் ஸ்பிலியோஸ். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு சிஃபிஸிடம் போனான். "கையை நீட்டுப்பா. தப்பு நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காதே."

சிஃபிஸ் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் மார்போடு இழுத்துக்கொண்டான். காலையிலிருந்து அவன் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை.

"இங்க வேண்டாம்."

"என்னப்பா?"

"சதுக்கத்துல வச்சுத்தானே மாட்டினீங்க. அங்க வந்து கழட்டுங்க."

"அங்க... இன்னைக்குச் சந்தை நாள். எல்லாச் சனமும் இருக்கும்."

"அன்னைக்கும் இருந்துச்சு."

ஸ்பிலியோஸ் கனாக்கிஸைப் பார்த்தான். கனாக்கிஸ் மேஜையிலிருந்து தப்பிக்கப் பார்த்த ஒரு நத்தையை எடுத்துக் கூடையில் விட்டுக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

சிஃபிஸ் வாசலைத் தாண்டி நடந்தான். விலங்குபூட்டிய கைகளை எல்லோரும் பார்க்கிற மாதிரி முன்னால் தூக்கிப் பிடித்திருந்தான். மதிலோரம் நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஸ்பிலியோஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போனான்.

அதூசா அவர்களோடு போகவில்லை. பேராசிரியரின் நாற்காலிக்கு எதிரில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எந்திரி" என்றாள். "நீயும்தான் வரணும். யாரு திருடன்னு அங்க வந்து உன் வாயால சொல்லு. சொல்ற வரைக்கும் அவர் கழட்ட விடமாட்டாரு, எனக்குத் தெரியும்."

பேராசிரியர் நிபுணர்களைப் பார்த்தார். இளையவர் கீழே பார்த்தார். நரைத்தலை அம்மாள் எழுந்து தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, வெர்கோத்திஸ். போகலாம்" என்றார்.

அவர் எழுந்தார்.